வாரிப் போட்ட சேறு

வாய்க்கால்காரர் வாயில் நல்ல வார்த்தை வருவது அபூர்வம். அதற்காக அவரைக் கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. நாளெல்லாம் முழங்கால் சேற்றில் நின்று, கடல் தண்ணீருக்கு வழி வெட்டுகிறவருக்குக் கொஞ்சம் கோபம் இருக்கத்தான் செய்யும் என்று தெருவே விட்டுக்கொடுத்திருந்தது.

இளம் வயதில் இறால் பண்ணைகளுக்குக் குளம் வெட்டினார். அலையாத்திக் காட்டை அழித்துத்தான் அந்தக் குளங்கள் வந்தன. பிறகு நோய் விழுந்து பண்ணைகள் பாழாய்ப் போயின. அதே நிலத்தில் மறுபடி அலையாத்தி நட வனத்துறை ஆள் தேடியபோது, அதே மண்வெட்டியோடு போய் நின்றார். அழித்ததும் நீங்கள், வளர்ப்பதும் நீங்கள், உங்களுக்கு என்றைக்கும் வேலைக்குப் பஞ்சமில்லை என்று மனைவி கேலி செய்வாள். அவர் சிரிக்கமாட்டார். தன் கையால் ஒரு காடாவது எழும்பவேண்டும் என்பது அவர் யாரிடமும் சொல்லாத ஆசை.

அலையாத்திக்கு ஓதத் தண்ணீர் வந்து வந்து போகவேண்டும். கடல் ஏறும்போது நுழைந்து, இறங்கும்போது வடியவேண்டும். அது நின்றுவிட்டால் நிலத்தில் உப்புப் பூத்து, கன்று நின்ற நிலையிலேயே காய்ந்துபோகும். அந்தத் தண்ணீரைக் கொண்டுவரும் வாய்க்கால் தூர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வதுதான் இவர் வேலை. வாய்க்காலின் ஒரு பக்கம் கன்றுகள், மறுபக்கம் தெரு. தெருவின் முதல் வீடு அவருடைய அக்கா வீடு.

இந்த வருடம் வயிற்றெரிச்சல் தொடங்கியது. யாரோ வாய்க்கால் வாயில் மண் மூட்டை போட்டு அடைத்தார்கள். இவர் எடுப்பார். அடுத்த பௌர்ணமி ஓதத்துக்கு முன்னால் மறுபடி அடைபட்டிருக்கும். கன்றுகளின் இலை மஞ்சளித்தது. வனத்துறை ரேஞ்சர் வந்து பார்த்துவிட்டு, கன்றுகள் காய்ந்தால் இந்த இடத்தையே கைவிட்டுவிடுவோம் என்று சொல்லிப் போனார்.

மிச்சமிருந்த ஒரே இறால் பண்ணைக்காரர் மேல்தான் சந்தேகம். நேரே போய் வாய்க்கு வந்தபடி திட்டினார். பண்ணைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என் பண்ணை எங்கேயோ இருக்கிறது, உங்கள் வாய்க்காலை அடைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது என்று கேட்டார். திரும்பி வரும்போது அந்த அவமானத்துக்கும் சேர்த்துக் கோபம்.

மறுநாள் மத்தியானம் மூட்டைகளை இழுத்தபோது ஒன்றின் வாய்க்கட்டு கையோடு வந்தது. மஞ்சள் பூப்போட்ட துணி. அக்கா வீட்டுச் சமையலறை வாசலில் தொங்கிய திரைச்சீலை. தினமும் டீ குடிக்க அதை விலக்கிக்கொண்டுதான் உள்ளே போவார். அது காணாமல் போனபோது, புதுசு வாங்கித் தருகிறேன் என்று பெரிய மனிதர் மாதிரி சொல்லியும் இருந்தார்.

சேற்றுக் காலோடு சமையலறைக்குள் நுழைந்தார். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா முன்னால் துணியைப் போட்டார். அவள் மறைக்கவில்லை.

"ஆமா, நான்தான். ஓதம் ஏறுற அன்னிக்கெல்லாம் கட்டில் மேல உக்காந்து சோறு திங்கிறோம். உங்க மாமாவுக்குக் கால் புண்ணு ஆறவே இல்ல. உன் செடிக்குத் தண்ணி வேணும், சரி. அத என் வீட்டுக்கு எதுக்குடா அனுப்புற?"

வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது என்று அவள் பலமுறை சொல்லியிருந்தாள். கடல் வருஷா வருஷம் ஏறுகிறது, அதற்கு நானா பொறுப்பு என்று இவரும் தட்டிக்கழித்திருந்தார். இப்போதும் அதையே கத்தினார்.

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். "முன்னெல்லாம் தோண்டின சேத்த எங்க போட்ட?"

"தெரு ஓரமா."

"இப்ப?"

அவர் ஜன்னல் வழியே கன்றுப் பக்கம் பார்த்தார். போன கோடையில், சேறு நாறுகிறது, வாசலில் உட்காரமுடியவில்லை என்று தெருவே திரண்டு சண்டைக்கு வந்தது. முதல் ஆளாக நின்றவள் இதே அக்காதான். சனியன் தொலையட்டும் என்று அன்றிலிருந்து சேற்றைக் கன்றுப் பக்கம் வாரிப் போட்டார். பழைய சேற்றால் தெரு ஓரத்தில் எழும்பியிருந்த கரையையும் வழித்து அங்கேயே தள்ளினார். கன்றுப் பக்கம் மேடாகிவிட்டது, தெருப் பக்கம் பள்ளமாகிவிட்டது. வருகிற தண்ணீர் எங்கே போகும்? மூட்டையே போடாவிட்டாலும் கன்றுகளுக்குப் பாதிதான் போய்ச் சேர்ந்திருக்கும். இது தெரியாமல் இத்தனை மாதம் ஊரையே திட்டித் தீர்த்திருக்கிறார். தன்மேலேயே வந்த ஆத்திரத்தை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் வெளியே வந்தார்.

அடுத்த ஓதத்துக்குள் அத்தனை சேற்றையும் தெருப் பக்கம் மாற்றிக் கரை எழுப்பியாகவேண்டும். பண்ணைக்காரர் முன்னால் வேறு போய்த் தலையைச் சொறியவேண்டும். இவர் மேட்டை வெட்டி, முதல் கூடையைத் தெரு ஓரம் கவிழ்த்தார். நாற்றம் குப்பென்று எழுந்தது.

அக்கா ஜன்னலில் வந்து நின்றாள். "மறுபடியும் இங்கயா? எத்தன நாளைக்குடா இந்த நாத்தம்?"

"நீ மூட்ட போட்டா கன்னு செத்துப்போகும்க்கா. நான் சேறு போட்டா நீ மூக்கப் பொத்திக்கிட்டாப் போதும்."

ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. போகட்டும், இந்த முறை அவள் அடைத்தது ஜன்னலைத்தானே என்று அடுத்த கூடையை வாரினார்.