என் அப்பா பார்க்கப் போன பட்டமளிப்பு

என் அப்பா டொமினிக்குக்கு ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகள் மட்டும்தான் தெரியும். சின்ன எழுத்துகளை அவர் எழுத்து என்றே ஒத்துக்கொள்வதில்லை. திருகோணமலைத் துறைமுகத்துக்குள் கப்பல்களைக் கொண்டுவரும் பைலட் துரைமாரை லோஞ்ச் என்கிற மோட்டார்ப் படகில் ஏற்றி வெளிக்கடலுக்குக் கொண்டுபோவது அவருடைய வேலை. கப்பலின் நெற்றியில் பெயரைப் பெரிய எழுத்தில்தானே எழுதுவார்கள். லோஞ்ச் ஆடுகிற ஆட்டத்திலும் ஒரு விரலைக் காற்றில் நீட்டி, ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத் தொட்டு வாசித்து, இன்ன கப்பல் என்று துரையிடம் சொல்லிவிடுவார். பன்னிரண்டு வருடத்தில் ஒரு கப்பலின் பெயரைக்கூடப் பிழையாகச் சொன்னதில்லை.

அதற்கு முன்பு வெள்ளைக்காரனின் கடற்படை டொக்யாட்டில் கப்பல் அடிப்பாகத்தில் பாசி சுரண்டும் வேலை. வெள்ளைக்காரன் டொக்யாட்டை விட்டுப் போனபோது எனக்கு இரண்டு வயது. அப்பாவோடு பாசி சுரண்டிய பாதிப் பேர் ஊரை விட்டுப் போனார்கள். அப்பா ஆறு மாதம் உப்புவெளியில் கரைவலை இழுத்துவிட்டு, பிறகு லோஞ்சில் ஏறினார். பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைச் சட்டை அங்கேதான் கிடைத்தது.

யாராவது சின்ன எழுத்தில் ஏதாவது நீட்டினால், "அதெல்லாம் என்ட மகன் வாசிப்பான்" என்பார். மகன் என்றால் என் அண்ணன் ஹெக்டர். அறுபத்தாறாம் ஆண்டு பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு வரலாறு படிக்கப் போனான். எங்கள் கோயில் பங்கிலிருந்து அவ்வளவு தூரம் படிக்கப் போன முதல் ஆள் அவன்தான். அப்பா அதைக் கப்பல்காரருக்கும் சொன்னார். நூலேணியைப் பிடித்துக்கொண்டு மேலே அண்ணாந்து, "மை சன், யூனிவர்சிட்டி" என்பார். கிரேக்கனும் யப்பான்காரனும் இவர் ஏதோ விற்கிறார் என்று நினைத்து வேண்டாம் என்று கையை ஆட்டுவார்கள். அதற்கும் சிரித்துக்கொண்டே வருவார்.

எழுபதாம் ஆண்டு அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. சோதனை பாஸ், பட்டமளிப்பு விழா இன்ன திகதி, மண்டபத்தில் இடம் போதாது என்பதால் வீட்டார் வரத் தேவையில்லை. கூடவே ஒரு படம். கறுப்பு அங்கி, தோளில் பட்டுத் துண்டு, கையில் சுருட்டிய கடதாசி, பின்னால் திரைச்சீலையில் வரைந்த தூண். அம்மா றீற்றா அதைக் கண்ணாடி போட்டு, இயேசுவின் திருஇருதயப் படத்துக்குக் கீழே மாட்டினா. பட்டமளிப்பு முடிந்த ஞாயிற்றுக்கிழமை நன்றிப் பூசை, பூசைக்குப் பிறகு பங்குச் சனத்துக்குச் சாப்பாடு என்று பங்குச் சுவாமியோடு பேசியும் விட்டா. சுவாமி பிரசங்கத்திலேயே அறிவித்துவிட்டார்.

எல்லாம் அதோடு நின்றிருக்கும். கெடுத்தது நான்.

என் பெயர் மாகிரட். சிஸ்டரின் மேசை லாச்சிக்குள் நண்டு விட்டதற்காக எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. நானும் அதை விட்டேன். உப்புவெளியில் ஒரு வாத்தியார் வீட்டுக்கு இறால் கொடுக்கப் போனபோது, அந்த வீட்டு அம்மா புதுச் சேலை ஒன்றை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தா. மகளின் பட்டமளிப்புக்குப் பேராதனை போகிறார்களாம். தாய் தகப்பன் இரண்டு பேருக்கும் அழைப்பு அட்டை வந்திருக்கிறதாம்.

வீட்டுக்கு ஓடிவந்து அப்பாவைப் பிடித்தேன்.

"அப்பா, வீட்டாக்கள் போகலாமாம். நாங்களும் சொல்லாமப் போய் நிப்பம்."

"அவன் வரவேண்டாம் எண்டெல்லோ எழுதியிருக்கிறான்."

"உள்ளுக்கு இடமில்லையெண்டுதானே எழுதினவன். நாங்கள் வெளியில நிப்பம்."

"வெளியில நிண்டா ஒண்டும் சொல்லமாட்டாங்களோ?"

"சொன்னா ஓடுவம்."

அப்பா சிரித்தார். என் விளையாட்டுகளில் மற்றவர் அழாமல் முடிவதாக இது ஒன்றாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு வேலை இருந்தது. அப்பாவின் லோஞ்ச் சட்டைக்குக் கஞ்சி போட்டு, பித்தளைப் பொத்தான்களைப் புளி தேய்த்து மினுக்கி, எங்களை அனுப்பிவைத்தா.

முதல் நாளே கண்டிக்குப் போய் ஒரு கோயில் விறாந்தையில் படுத்தெழும்பி, காலையில் பேராதனைக்குப் போனோம். படலையில் நின்ற காவற்காரர் அப்பாவின் பொத்தான்களைப் பார்த்தார். பிறகு சிங்களத்தில், சாரதிமார் அந்தப் பக்கம் என்று கையைக் காட்டினார். அங்கே மரங்களுக்குக் கீழே கார்கள் நின்றன.

"என்னப்பா, ட்ரைவர் எண்டு நினைச்சிட்டான்."

"லோஞ்சும் ஓட்டுறதுதானே. பிழை சொல்ல ஏலாது" என்று அப்பா அந்தப் பக்கமே நடந்தார்.

ஒரு கறுப்புக் காரின் மட்காட்டில் சாய்ந்துகொண்டு ஒருவர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். நாங்கள் பேசியது கேட்டதும் நிமிர்ந்தார்.

"நீங்க திருகோணமலையா? நான் கிண்ணியா. ஸெய்னுதீன் எண்டு பேர். கண்டியில ஒரு முதலாளிட கார் ஓட்டுறன். அவர்ட மகள் ஜெமீலாக்கு இண்டைக்குப் பட்டம். உங்களுக்கு ஆரு?"

"மகன்" என்றார் அப்பா. "ஹெக்டர். வரலாறு. எங்களை வரவேண்டாம் எண்டவன். ஒளிச்சு நிக்கிறம்."

ஸெய்னுதீன் நானாவுக்கு அது நன்றாகப் பிடித்துக்கொண்டது. "ஒளிச்சு நிக்கிறதெண்டா இப்பிடிப் பொத்தானெல்லாம் மினுக்கிக்கொண்டா வாற? இங்கால வாங்க. ஒலிபெருக்கியில பேர் வாசிப்பாங்க. புத்தகமும் இருக்கு, முதலாளி சீட்டில விட்டுட்டுப் போயிட்டார்."

காருக்குள்ளிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினார். பட்டம் பெறுகிறவர்களின் பெயர்ப் பட்டியல். முழுவதும் பெரிய எழுத்து.

அப்பாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அந்தப் பல்கலைக்கழகத்தில் அவர் வாசிக்கக்கூடியதாக ஒன்று இருந்தது. புத்தகத்தை என்னிடம் தரவில்லை. காரின் மூக்கில் வைத்து, விரலை நீட்டி, கலைப் பிரிவில் தொடங்கினார். கப்பலுக்குப் போலவே உதடு அசைந்தது. ஒரு பக்கம், இரண்டு பக்கம். டி எழுத்தில் பார்த்தார், எச் எழுத்தில் பார்த்தார். திரும்ப முதலிலிருந்து வந்தார். பிறகு விஞ்ஞானத்துக்குப் போனார். பிறகு எஞ்சினியர்மார். டொக்டர்மாரின் பட்டியலையும் விடவில்லை.

"அண்ணன் படிச்சது வரலாறப்பா" என்றேன்.

"தெரியும். மாறிக் கீறிப் போட்டிருப்பாங்கள் எண்டுதான்."

புத்தகம் முடிந்தது. "அச்சடிக்கிறவன் விட்டிட்டான்" என்றார் அப்பா. "ஒலிபெருக்கியில வாசிப்பாங்கள்தானே."

வாசித்தார்கள். அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பூசையில் நிற்பதுபோல நின்றார். ஒவ்வொரு பெயருக்கும் உள்ளே கைதட்டினார்கள். ஜெமீலாவின் பெயர் வந்தபோது ஸெய்னுதீன் நானா காரின் கூரையில் தட்டினார். அப்பாவும் அவருக்காகக் கைதட்டினார். கலைப் பிரிவு முடிந்தபோது நான், "இருங்கோப்பா" என்றேன். அவர் இருக்கவில்லை. கடைசிப் பெயர்வரைக்கும் நின்றார்.

சனம் வெளியே வந்தது. அங்கி போட்டவர்களைத் தாய்மார் கட்டிப்பிடித்தார்கள், பூமாலை போட்டார்கள். ஒருவன் தகப்பனின் தலையில் தன் தொப்பியை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தான். நான் ஒவ்வொரு முகமாகத் தேடினேன். அண்ணன் எப்படியும் வருவான், எங்களைக் கண்டு விழிப்பான், நான் அதைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பது அப்போதும் என் யோசனை.

"எங்கட சின்னம்மா ஜெமீலா அந்தா படம் எடுக்கப் போறா. வாங்க, ஒருக்காச் சலாம் சொல்லிட்டு வருவம்" என்று ஸெய்னுதீன் நானா கூட்டிக்கொண்டு போனார்.

மரத்தடியில் ஒரு படப்பிடிப்புக்காரர் மூன்றுகால் பெட்டியை வைத்திருந்தார். ஜெமீலா அங்கியோடு நின்றா. அவவின் காலடியில் ஒருவன் முழங்காலில் இருந்து அங்கியின் கரையை இழுத்து நேராக்கிக்கொண்டிருந்தான். அவன் சட்டைப் பையில் சீப்பு. கக்கத்தில் கண்ணாடி. தோளில் இன்னொரு கறுப்பு அங்கி, வாடகைக்கு விடுகிறது.

"நல்ல தம்பி" என்றார் ஸெய்னுதீன் நானா. "போன வருசம் முதலாளிட மூத்த மகன்ட பட்டத்துக்கும் இவர்தான் வந்தவர். ஸ்டூடியோவில வேலை. எங்கட வீட்டுக்குப் படம் கொண்டந்து தந்ததும் இவர்தான்."

அண்ணன் எழுந்து திரும்பினான்.

"அப்பா." பிறகு என்னைப் பார்த்தான். "நீங்கள் ஏன் வந்தனீங்கள்?"

அப்பா அந்தப் புத்தகத்தை நீட்டினார். "இதில உன்ட பேரை விட்டிட்டாங்கள் தம்பி. வாசிக்கவுமில்லை. ஆரிட்டயும் சொன்னியோ?"

எதைப் பிடித்தாவது தப்பிக்கொள் என்று அவர் கயிறு எறிந்ததுபோல இருந்தது. அண்ணன் அதைப் பிடிக்கவில்லை. அந்த ஒன்றுக்காக மட்டும் அவனை நான் இன்னும் முழுதாக வெறுக்கவில்லை.

"ரெண்டாம் வருசமே விட்டாச்சப்பா. ரெண்டு தரம் சோதனை எழுதினனான். சரிவரயில்லை."

"அப்ப அந்தப் படம்?"

அண்ணன் தோளிலிருந்த அங்கியைத் தொட்டான். "இதுதான்."

ஸெய்னுதீன் நானாவுக்கு விளங்கிவிட்டது. அவர் புத்தகத்தை மெதுவாக அப்பாவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, ஜெமீலாவையும் கூட்டிக்கொண்டு கார்ப் பக்கம் போய்விட்டார். படப்பிடிப்புக்காரர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அப்பா சத்தம் போடவில்லை. "ஞாயிற்றுக்கிழமை பூசை வைச்சிருக்கு. சுவாமி எல்லாருக்கும் சொல்லிட்டார். அதுக்கு முன்னம் நீ வந்து அம்மாட்டச் சொல்லவேணும். நான் சொல்லமாட்டன். உன்ட வாயால சொல்லவேணும்."

"வாறன்."

"இண்டைக்கே."

"ஓமப்பா. ரெண்டு மணி பஸ்ஸுக்கு வாறன். அறைக்குப் போய் உடுப்பை எடுத்துக்கொண்டு வாறன். நீங்கள் எனக்கும் ஒரு இடம் பிடிச்சு வையுங்கோ."

பொய் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. மெய் சொல்கிறவன் அவ்வளவு கெதியாக ஒத்துக்கொள்ள மாட்டான். "நானும் இவனோட அறைக்குப் போறன்" என்றேன்.

"வேண்டாம் மாகி" என்றார் அப்பா. "அவன் வாறன் எண்டு சொல்லிட்டான்."

கண்டி பஸ் நிலையத்தில் மூன்று பேர் இருக்கிற ஆசனத்தைப் பிடித்தோம். நான் யன்னல் ஓரம், அப்பா நடைபாதை ஓரம், நடுவில் அப்பாவின் பை. இரண்டு மணியாயிற்று. அப்பா இறங்கி நடத்துநரிடம் ஏதோ சொன்னார். அந்த மனிதர் நல்லவர், பத்து நிமிடம் சாரதியோடு கதைத்துக்கொண்டு நின்றார். பிறகு மணி அடித்தார். பஸ் வெளிக்கிட்டது. அப்பா தலையை வெளியே நீட்டி, வளைவு வரைக்கும் பின்னால் பார்த்துக்கொண்டு வந்தார்.

மாத்தளையில் சனம் ஏறியது. "ஐயா, இதில ஆள் இருக்கோ?"

"ஓம், ஆள் இருக்கு."

தம்புள்ளையில் ஒரு கிழவர் கேட்டார். அவருக்கும் அதே பதில். "எங்க ஆள்?" என்று அவர் கேட்டதற்கு அப்பா பையின் மேல் கையை வைத்துக்கொண்டார். நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். ஊரெல்லாம் என்னைப் பார்த்து வெட்கமில்லாதவள் என்று சொல்லியிருக்கிறது. அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது, அதுவும் அவருக்காக.

ஹபரணை தாண்டியதும் அப்பா வாய் திறந்தார்.

"ரெண்டு வருசமா அவன் எழுதின கடிதமெல்லாம் பொய்."

"ஓமப்பா."

"எண்டாலும் அந்தப் பேராசிரியர் என்னை விசாரிச்சவராம் எண்டு எழுதினானே. வாடைக் காத்துக்க லோஞ்சை எப்பிடிக் கப்பலோட அணைக்கிறவர் உங்கட தகப்பன் எண்டு கேட்டாராம். அது மெய்யா இருக்குமோ? முதல் வருசத்தில நடந்திருக்கும்தானே."

அண்ணனின் கடிதங்களை அப்பாவுக்கு வாசித்துக் காட்டுவது நான்தான். கடைசி இரண்டு வருடமும் அவை வரவரக் கட்டையாகிவிட்டன. சுகம், சோதனை கிட்டுது, அவ்வளவுதான். அப்பா வேலையால் வந்து, முகம் கழுவி, கதிரையை இழுத்துப் போட்டு இருப்பார். ஒரு நிமிடத்தில் கடிதம் முடிந்துவிடும். அதனால் நான் கூட்டி வாசித்தேன். பேராசிரியரை உண்டாக்கியது நான். லோஞ்சைப் பற்றி அவரைக் கேட்க வைத்ததும் நான். அப்பா அதை மூன்று தரம் வாசிக்கச் சொன்னார். மூன்று தரமும் கொஞ்சம் கொஞ்சம் கூட்டினேன்.

அன்றைக்கு ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் அது மிகச் சுலபம். ஆனால் காலையிலிருந்து அந்த மனிதர் கேட்டதெல்லாம் பொய்யாக இருந்தது.

"அது அண்ணன் எழுதினதில்லையப்பா. நான் சும்மா சேர்த்து வாசிச்சனான். அப்பிடி ஒரு பேராசிரியர் இல்லை."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். மரத்தடியில் அண்ணனைப் பார்த்த அதே பார்வை. அதில் கோபம் இருந்திருந்தால் நல்லது.

கந்தளாயில் ஒரு பெண் கைக்குழந்தையோடு ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றா. அவ கேட்கவேயில்லை. அப்பா பையைத் தூக்கி மடியில் வைத்தார்.

"இருங்கோ தங்கச்சி. ஆளில்லை."

அந்தப் பெண் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தா. குழந்தையின் கால் என் தொடையில் உதைத்தது. அப்பாவின் முகத்தை எனக்கு அதற்குப் பிறகு பார்க்க முடியவில்லை, குரல்தான் கேட்டது.

"எங்க போட்டு வாறீங்கள் ஐயா? கலியாண வீடோ?" சட்டையைப் பார்த்துத்தான் அவ அப்படிக் கேட்டிருக்க வேண்டும்.

வீட்டில் சொல்ல வேண்டியதை எங்கேயாவது ஒரு தரம் சொல்லிப் பார்க்கத்தானே வேண்டும்.

"மகன்ட பட்டமளிப்புக்குப் போனனாங்கள்" என்றார். "மகன் பட்டம் எடுக்கயில்லை."

"ஐயோ. பிள்ளைக்கு ஏதும் சுகமில்லையோ?"

"இல்லைத் தங்கச்சி," என்றார் அப்பா. "சுகமாத்தான் இருக்கிறான்."