பூ வேனில் கொடுத்த ஞானஸ்நானம்

நான் ஞானஸ்நானம் வாங்கியபோது எனக்கு அறுபத்து மூன்று வயது. வருஷம் திரும்புவதற்குள் நானே ஒரு பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன். இதை எங்கள் தெருவில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். கொடுத்தவள் நான். அதனால் நானே எழுதி வைக்கிறேன்.

நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் மல்லிகைதான் வெள்ளாமை, கும்பிட்டது குலசாமியை. வீட்டுக்காரர் போன பிறகு இரண்டு வருஷம், சாப்பிட்டாயா என்று கேட்க ஆள் இல்லாமல் கிடந்தேன். தெருவில் உள்ள கிறிஸ்தவக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபம் சொல்வார்கள். ஒரு நாள் வாசலில் நின்று கேட்டேன். அடுத்த வாரம் உள்ளே போய் உட்கார்ந்தேன். அங்கே ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி வேண்டிக்கொள்வது வழக்கம். என் பெயரையும் சொன்ன அன்றைக்கே, நானும் ஞானஸ்நானம் வாங்குகிறேன் என்றேன். யாரும் என்னை இழுத்துக்கொண்டு போகவில்லை. நானாகத்தான் போனேன். அதையும் எழுதிவிட வேண்டும்.

மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள், ஞானஸ்நானத்துக்குப் பாடம் சொல்லித் தந்த உபதேசியார் பாடத்தையே முடித்துவிடுவார். ஆகவே அவர் வாசிக்க வாசிக்க எல்லாவற்றையும் காதால் வாங்கி மனப்பாடம் பண்ணினேன். அதில் ஒரு கேள்வி, ஆபத்து நேரத்தில் ஞானஸ்நானம் யார் கொடுக்கலாம் என்பது. யாரும் கொடுக்கலாம். தண்ணீர் ஊற்றி, அதற்கு உள்ள வார்த்தைகளைச் சொல்லி, திருச்சபை எதை நினைத்துக் கொடுக்கிறதோ அதையே நினைத்துக் கொடுத்தால் போதும்.

எதிர்வீட்டு அக்கா இதையெல்லாம் சின்ன வயதில் கற்று மறந்தவர். அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் காலத்திலிருந்தே கிறிஸ்தவர்கள். என்னை "நேத்து வந்தவ" என்றுதான் சொல்வார், முகத்துக்கு நேராகவே. பேச்சும் நீ, வா, போ என்றுதான்.

அவர் மருமகளுக்கு ஏழாம் மாதத்தில் ஒரு விடியற்காலை வலி கண்டுவிட்டது. மகன் திருப்பூரில் வேலையில் இருந்தான். ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம். வண்டி கிளம்பிவிட்டது, உங்களிடம் வண்டி இருந்தால் எதிரே வாருங்கள், நேரம் மிச்சமாகும் என்றார்கள். சந்தைக்குப் பூ ஏற்றிக்கொண்டு நின்ற வேன்தான் தெருவில் இருந்தது. மூட்டைகளை ஒதுக்கி அவளைப் படுக்க வைத்து, அக்காவும் நானும் ஏறிக்கொண்டோம்.

திண்டுக்கல் ரோட்டில் பாதி வழி போவதற்குள் பிள்ளை வந்துவிட்டது. என் கையில்தான் வந்து விழுந்தது. தொப்புள்கொடியை அறுக்கவில்லை, அதற்கு எங்களிடம் ஒன்றும் இல்லை. வேனுக்குள் வெளிச்சமும் இல்லை. முந்தானையில் சுற்றி முதுகைத் தேய்த்தேன். அழவில்லை. மூக்கில் விரலை வைத்தால் மூச்சு இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

மருமகள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். "அத்தை, தண்ணி ஊத்திருங்க. ஞானஸ்நானம் இல்லாமப் போயிரக் கூடாது எம்புள்ள."

அக்கா மாதா கோயில் சாமியாருக்குப் போன் போடச் சொன்னார். டிரைவர் போட்டார். பூசை நேரம், எடுக்கவில்லை. மறுபடியும் போடச் சொன்னார். ஆபத்துக்கு யாரும் கொடுக்கலாம் அக்கா என்றேன்.

"யாரும்னா? நீயா?"

"நீங்க குடுங்க. நான் வார்த்தையச் சொல்லித் தாரேன்."

டிரைவர் குடிக்க வைத்திருந்த தண்ணீர்ப் பாட்டிலை அக்கா வாங்கினார். மூடியைத் திருகிப் பார்த்தார், திறக்க வரவில்லை.

அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பிள்ளையின் உயிர் என் கையில் இல்லை, அது எதிரே வருகிற வண்டியில் இருந்தது. என் கையில் இருந்தது இது ஒன்றுதான். தப்பாகச் செய்துவிட்டால் அந்தத் தாய்க்குத் துரோகம். செய்யாமல் விட்டால் அதைவிட மோசம். இவர்களில் நானும் ஒருத்திதானா என்று அதுவரை நான் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. அப்போது கேட்டுக்கொண்டேன். பதில் கிடைக்கும் வரை காத்திருக்க நேரம் இல்லை.

பாட்டிலை அக்கா கையிலிருந்து வாங்கித் திறந்தேன். பிள்ளையின் நெற்றியில் மூன்று தடவை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். பேரனுக்கு வைக்கப்போவதாக அக்கா மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தது அவர் வீட்டுக்காரர் பெயர். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே என்று கற்ற வார்த்தைகளைக் கடைசி வரை சொன்னேன். குரல் நடுங்கவில்லை. அதில் எனக்குப் பெருமைதான்.

ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தது. அதில் வந்த நர்ஸம்மா சின்னக் குழாய் வைத்து உறிஞ்சி, மூச்சுக் கொடுத்தார். பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் கேட்டது. தண்ணீர் பட்டுத்தான் பிழைத்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் பெண் பிள்ளை என்று சொன்னார்கள். பேரன், பேரன் என்று கேட்டுக் கேட்டு, நான் துணியை விலக்கிப் பார்க்கவே இல்லை.

"பொட்டப்புள்ளைக்கு ஆம்பளப் பேரச் சொல்லி ஊத்திருக்கா. இது செல்லுமா?" என்று அக்கா வராந்தாவில் வந்தவரிடமெல்லாம் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை.

பிள்ளை நாற்பது நாள் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தது. தினமும் பஸ் ஏறிப் போய் வெளியே உட்கார்ந்திருப்பேன். இன்றைக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் ஊற்றிய தண்ணீர் செல்லுமா, செல்லாதா என்பதே நினைப்பு. சாமியாரிடம் கேட்டிருக்கலாம். செல்லாது என்று சொல்லிவிடுவாரோ என்று கேட்கவில்லை. வாரக் கூட்டத்தை மட்டும் விடவில்லை. போகாவிட்டால் தப்பை ஒத்துக்கொண்டதாகிவிடும். பிள்ளை வீட்டுக்கு வரட்டும், சாமி முறையாகக் கொடுப்பார் என்று அக்கா என் காதுபடவே சொல்வார்.

பிள்ளை தேறி வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயிலில் எல்லாரும் நின்றோம். நடந்ததை அக்காவே சாமியாரிடம் சொன்னார். சாமியார் என் பக்கம் திரும்பினார். என்ன தண்ணீர் என்று கேட்டார். குடிக்கிற தண்ணீர் என்றேன். என்ன சொன்னீர்கள் என்றார். அட்சரம் பிசகாமல் சொன்னேன். என்ன நினைத்துக் கொடுத்தீர்கள் என்றார்.

"கோயில்ல என்ன நெனச்சுக் குடுப்பீங்களோ அதத்தான் சாமி நெனச்சேன். வேற ஒண்ணும் நெனைக்கல."

சாமியார் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"ஞானஸ்நானம் ஆயிருச்சு," என்றார். "திரும்பக் குடுக்க முடியாது."

"சாமி, பேரு?" என்றார் அக்கா.

"பேரை இப்ப மாத்தி எழுதிக்கலாம். தண்ணி ஊத்தினது பேருக்கு இல்லம்மா, பிள்ளைக்கு."

"அப்ப ஒரே ஒரு சொட்டு, எம் மனசுக்காக."

"கூடாது. ஒருத்தருக்கு ஒரு தடவதான்."

எண்ணெய் பூசி, வெள்ளைத் துணி போர்த்தி, திரி ஏற்றி மீதிச் சடங்குகளைச் செய்தார். தண்ணீரைத் தொடவில்லை. பிறகு ஞானஸ்நானப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். கொடுத்தவர் என்ற இடத்தில் சாமியார்கள் பெயராகவே வரிசையாக இருந்தது. அதற்குக் கீழே என் பெயரை எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னார். என் பெயர் ஐந்து எழுத்து. அவசரப்படாமல் ஐந்தையும் போட்டேன்.

கண்ணால் பார்த்த சாட்சியாக அக்காவையும் போடச் சொன்னார்கள். அவர் பேனாவை வாங்கவில்லை. கட்டைவிரலை நீட்டினார். அத்தனை வருஷப் பழக்கத்தில் எனக்கு இது தெரியாது. பதிவேட்டை விட்டு நகர்ந்து நின்றுகொண்டேன்.

உருட்டி எடுத்த விரலில் மை அப்பியிருந்தது. ஒரு கையில் பிள்ளை. துடைக்க ஒன்றும் இல்லாமல் அப்படியே நின்றார். என் முந்தானையை நீட்டினேன். என்னைப் பார்த்தார். பிறகு அழுத்தித் துடைத்துவிட்டு, "செத்த நேரம் இவளப் பிடிங்க," என்று பிள்ளையை என் கையில் கொடுத்தார்.