துரையின் தேநீர் மேஜையிலிருந்து எழுந்த கதை

இன்று ஆவடி ராணுவக் கிடங்கில் குமாஸ்தா வேலைக்குப் பேட்டி. வெள்ளைக்காரத் துரை எங்களைத் தேநீர் மேஜையில் உட்காரவைத்தே கேள்வி கேட்டார்.

என் மனமெல்லாம் அம்பத்தூரில். காலையில் கிளம்பும்போதே மனைவிக்குப் பிரசவ வலி. அவள்தான் பிடிவாதமாக அனுப்பினாள்.

கோப்பையை வைத்துவிட்டு எழப் போனேன்.

என்னைப் போலவே வேலைக்கு வந்திருந்த பூந்தமல்லி கரீம் பாய் கிசுகிசுத்தார்: "சும்மா குந்து அண்ணாத்தே. தொரை எய்ந்துக்கற வரைக்கும் நாம எய்ந்துக்கக் கூடாது."

"ஊட்ல அவளுக்கு வலி வந்துகினு கீது, பாய்."

"அப்போ இன்னாத்துக்கு இன்னும் குந்திகினு கீறே?"

எழுந்தேன். துரையிடம் காரணத்தைச் சொல்லிவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் ஓடிவந்தேன்.

பெண் குழந்தை. இருவரும் சுகம். வேலைதான் என்னவாகும் என்று தெரியவில்லை.

துரை சாப்பிடும்போது பாதியில் எழுந்து ஓடுவதற்கு மரியாதையான முறை ஏதும் உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த பேட்டிக்கு உதவும்.