மீன்பெட்டியும் அந்தோனியார் வள்ளமும்

எனக்கு முழங்கால் வருத்தம். வெள்ளிக்கிழமைகளில் நயினாதீவு அம்மாள் கோயிலுக்குப் போக நாரந்தனைத் துறையில் வள்ளம் ஏறுவேன். மணல் மூடினபடியால் வள்ளம் தள்ளித்தான் நிற்கும். தண்ணிக்குள் நடந்து தாவி ஏறவேணும். ஒருநாள் அந்த இடத்தில் ஒரு மீன்பெட்டி படிபோலக் கவிழ்ந்து கிடந்தது, மிதக்காமல் மேல ஒரு தட்டைக் கல்லோடு. அடுத்த கிழமையும் இருந்தது. அம்மாள் அனுப்பினது எண்டு கும்பிட்டு ஏறினேன்.

வைத்தது வள்ளக்காரர் சந்தியோகு அண்ணை எண்டு பிறகுதான் தெரியவந்தது. கேட்டால், "அது மிதந்து வந்திருக்கும், தங்கச்சி" எண்டார்.

"மேல வைச்ச கல்லும் சேர்ந்தோ மிதந்து வந்தது?"

அவர் வள்ளத்தின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

போன வருசம் துறையை ஆழமாக்கப் பம்ப் வந்தது. ஒரு குழாய் தண்ணி பீச்சி மணலைக் கிளறும், மற்றது உறிஞ்சித் தூரக் கொட்டும். கிளறுகிற குழாய் அண்ணையின் கையில். அந்தோனியார் கோயில் திருநாளுக்கு அவருடைய சுருவத்தை, அந்தச் சிலையை, தன் வள்ளத்திலேயே துறைவரை கொண்டுவருவன் எண்டு அவர் நேர்ந்திருந்தார். திருநாளுக்கு முதல்நாள் மத்தியானமாகியும் பாதி வேலை கிடந்தது.

மேற்பார்வை பார்த்த சசிகரன், "அண்ணை, மெதுவா விடுங்கோ. தண்ணி வேகமா ஓடினா அடிமணலை அரிச்சுப்போடும், கரை நிக்காது" எண்டார்.

"அந்தோனியார் நாளைக்கு வாறார், தம்பி. அவரை நிக்கச் சொல்லுவமோ?"

பம்பை முழுசாகத் திறந்தார். மணல் புகைபோல எழும்பி ஓடியது. ஒரு மணித்தியாலத்தில் ரெண்டு நாள் வேலை! அண்ணை சிரித்தார். அடி அரிபட்டு மேல்மட்டும் நின்ற மணற்கரை அப்போதுதான் பொத்தெண்டு சரிந்தது, அதில் நின்ற அண்ணையோடு. நெஞ்சுமட்டும் மணல். கையில் குழாய் வானத்தைப் பார்த்துப் பீச்சியது. பார்த்துக்கொண்டு நின்ற நான் தோய்ந்துபோனேன்.

"எனக்கு ஞானஸ்நானம் தந்திட்டீங்கள், அண்ணை."

"பங்குச் சுவாமியாரிட்டச் சொல்லிப்போடாதையும்."

அவரைத் தோண்டி எடுத்துப் பார்த்தால், வெட்டின பள்ளத்தை விழுந்த மணல் நிரப்பிவிட்டது. அடுத்தநாள் அவருடைய வள்ளம் துறைக்கு இருபது அடி முன்னமே தட்டி நின்றது. அண்ணையின் முகம் செத்துப்போச்சு. நான் முழங்காலையும் மறந்து ஓடிப்போய் மீன்பெட்டியைக் கொண்டுவந்து வள்ளத்தடியில் கவிழ்த்தேன். சுருவத்தோடு வள்ளத்தில் வந்த சுவாமியார் அதில் கால் வைத்து இறங்கினார். பிறகு அந்தோனியார் ஆக்களின் தோளில் இறங்கினார்.

"சுவாமி, துறைவரை எண்டெல்லோ நேர்ந்தனான்?"

"ஆள் இறங்கின இடம் துறைதான், சந்தியோகு" எண்டார் சுவாமியார்.

இந்தத் தை மாதம் அண்ணை மன்னாருக்கு, மகள் யூலியட்டோடு இருக்கப் போனார். பஸ் வெளிக்கிட்ட பிறகு ஜன்னலால் தலையை நீட்டிக் கத்தினார்:

"தங்கச்சி, பெட்டிக்குப் புதுக் கல் வைச்சிருக்கிறன்! பம்பை மட்டும் ஒருத்தரையும் முழுசாத் திறக்க விடாதையும்!"