பேய்க்கும் போலீஸுக்கும் பொதுவாக ஒரு கத்தி

அமெரிக்காவில் எங்கள் பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்ட்டில் சாயங்காலம் வாக்கிங் போகிறவர்கள் கையில் தண்ணீர் பாட்டில் இருக்கும், காதில் ஹெட்ஃபோன் இருக்கும். சிலர் நாயைப் பிடித்திருப்பார்கள், அது போவதை அள்ள ஒரு பையும் வைத்திருப்பார்கள். என் மனைவி கயலின் கைப்பையில் மட்டும் நான்கு அங்குல ஆணி ஒன்று இருந்தது. அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். கர்ப்பிணி விளக்கு வைக்கிற நேரத்தில் வெளியே போனால் கூடவே இரும்பு இருக்க வேண்டும், காத்துக் கருப்பு அண்டாது. ஊரிலிருந்து போன் போட்டு இதைச் சொன்னவர் யாருமில்லை. மருந்துக் கம்பெனியில் புள்ளியியல் வேலை பார்த்துக்கொண்டு, அடுத்தவர் அறிக்கையை எல்லாம் ஆதாரம் போதாது என்று திருப்பி அனுப்புகிற கயலேதான் சொன்னாள்.

ஆதாரம் எங்கே என்று நான் கேட்கவில்லை. முந்தைய வருடம் எங்களுக்கு நாலாம் மாதத்தில் ஒன்று கலைந்து போயிருந்தது. காரணம் என்று எதுவுமில்லை, யார் மேலும் தப்பில்லை என்று டாக்டர் தன்மையாகத்தான் சொன்னார். காரணம் இல்லை என்பதைத்தான் கயலால் தாங்க முடியவில்லை. இந்த முறை எதையும் விடுவதில்லை என்று முடிவு கட்டிவிட்டாள். மாத்திரை, ஸ்கேன், யோகா, ஆணி. எனக்கும் பயம்தான். அதை வெளியே காட்டாமல் அவளைக் கிண்டல் செய்துகொண்டிருந்தேன்.

ஆணி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஆபீஸ் வாசலில் அடையாள அட்டையைத் துழாவியவளின் விரலில் நறுக்கென்று ஏறிவிட்டது. பேயிடமிருந்து காப்பாற்ற வைத்த ஆணி குத்தி, தடுப்பூசி போட வேண்டுமா என்று டாக்டரைக் கேட்கிற நிலைமை. ஆணி எப்படிப் பைக்குள் வந்தது என்று நர்ஸ் கேட்டதற்கு, வீட்டில் படம் மாட்டினோம் என்று சொல்லி வைத்தேன். அன்று சாயங்காலம் நான்தான் யோசனை சொன்னேன், மடக்குக் கத்தி வாங்கிவிடலாம் என்று. முனை உள்ளே போய்விடும், குத்தாது. அவளுக்கு மசக்கையில் எந்நேரமும் காய் கொய்யாவும் உப்பு மிளகாய்த்தூளும் வேண்டியிருந்தது. அதை நறுக்கிக்கொள்ளவும் ஆகும்.

சொன்ன பிறகுதான் போலீஸ் ஞாபகம் வந்தது. நான் தினமும் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் பிடித்து மன்ஹாட்டனுக்குப் போகிறவன். கிரீன் கார்டுக்கு வரிசையில் நிற்கிறவன். அந்த வரிசையின் நீளத்தைப் பார்த்தால் என் பேரன்தான் வாங்குவான். இந்த லட்சணத்தில் கத்தியோடு ஒரு போலீஸ்காரர் பிடித்தால் என்ன ஆவது? எங்கள் கரூர்ப் பக்கம் இந்தக் கவலையே கிடையாது. வாழைத்தார் வெட்டப் போகிறவர் அரிவாளை மொபெட்டின் முன்னால் செருகிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷன் வாசல் வழியாகவே போவார். ஏட்டையா நிறுத்தினால் லைசென்ஸைத்தான் கேட்பார். கறிக்குழம்பை அடுத்த தெருவுக்குக் கொடுத்தனுப்பும்போது என் அம்மா தூக்குவாளி மூடிமேல் ஒரு கரித்துண்டும் கைக்கு ஒரு சாவியும் கொடுத்து அனுப்புவார். இரும்பைக் கொண்டு போவதற்கு ஒரு நியாயம் சொல்ல வேண்டும் என்பதை நான் அமெரிக்கா வந்துதான் கற்றுக்கொண்டேன்.

ஒரு வாரம் ரயிலில் போகும்போதும் வரும்போதும் சட்டம் படித்தேன். ஊருக்கு ஒரு விதி. ஓரிடத்தில் அலகின் நீளத்தைப் பார்க்கிறார்கள், ஓரிடத்தில் ஒரே கையால் சட்டென்று திறக்கிறதா என்று பார்க்கிறார்கள், இன்னோரிடத்தில் சட்டைப் பைக்கு வெளியே கிளிப் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். எங்கள் மாநிலத்தில் எதற்காக வைத்திருக்கிறாய் என்பதுதான் முக்கியமான கேள்வி. “பேய்க்காக சார்” என்று நான் சொல்வதையும், அதைக் குறித்துக்கொள்ளும் போலீஸ்காரரின் முகத்தையும் நினைத்துப் பார்த்தேன். கொய்யாப்பழம் என்றே சொல்வது என்று முடிவானது. கடைசியில் எல்லா விதிக்கும் அடங்குகிற ஒன்றைக் கண்டுபிடித்தேன். சின்ன அலகு, கிளிப் கிடையாது, நகத்தால் இழுத்தால்தான் திறக்கும், திறந்த பிறகு பூட்டிக்கொள்ளாது. உள்ளே ஒரு ஸ்பிரிங் மட்டும் பிடித்திருக்கும். அழுத்தினால் மடங்கிவிடும். இவ்வளவு சாதுவான கத்தியைப் பார்த்து எந்தப் போலீஸும் பயப்படாது. பேய் பயப்படுமா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது, கயலிடம் சொல்லவில்லை.

கயல் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கூடாது. அதுவும் இரும்புதான், நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவன், எனக்குத் தெரியும் என்றேன். “துருப் பிடிச்சாதான் இரும்பு. டம்ளரைப் பார்த்து எந்தப் பேய் ஓடும்?” என்றாள். இது எங்கள் சிலபஸில் வரவில்லை.

ஹைவே ஓரத்தில், மீன்பிடிக்கிறவர்களும் வேட்டைக்குப் போகிறவர்களும் சாமான் வாங்கும் கடை ஒன்றுக்குப் போனேன். கவுண்டரில் மார்பு வரை தாடி வைத்த ஒரு பெரிய மனிதர். என்ன வேண்டும் என்றார், கத்தி என்றேன். எதற்கு என்றார். ஒரு வாரம் பாடம் பண்ணிய கொய்யாப்பழம் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. “ஃபார் மை வைஃப்” என்றேன். அவர் கண்ணாடி அலமாரியைத் திறக்க எடுத்த சாவியை அப்படியே நிறுத்தினார். நிலைமையைச் சரி செய்வதாக நினைத்து, “ஷி இஸ் பிரெக்னன்ட்” என்றும் சேர்த்தேன். அவர் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பழம், பழம், அவளுக்குப் பழம் நறுக்க என்று நான் கையால் நறுக்கிக் காட்டிய பிறகுதான் தாடிக்குள் சிரிப்பு வந்தது. வாழ்த்துச் சொன்னார்.

முதலில் ஒரு கறுப்புக் கத்தியை எடுத்துச் சொடுக்கினார், டபக்கென்று திறந்து நின்றது. அதைப் பார்த்ததும் என் விசாவே ரத்தானது போல இருந்தது. பூட்டு இல்லாதது வேண்டும் என்றேன். பூட்டு உன் விரலின் பாதுகாப்புக்குத்தான் என்றார். விரல் போனாலும் பரவாயில்லை, சட்டம் போகக்கூடாது என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, அடித் தட்டிலிருந்து மரக் கைப்பிடி போட்ட சின்னக் கத்தியை எடுத்தார். கார்பன் ஸ்டீல், துடைத்து வைக்காவிட்டால் துருப்பிடிக்கும் என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். துருப்பிடிக்குமா, அதுதான் வேண்டும் என்றேன். நீட்டினார். நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். கத்தியைக் கையில் கொடுத்தாலும் வாங்கினாலும் சண்டை வரும், கீழே வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்பது எனக்கு யோசித்துச் செய்கிற விஷயமே இல்லை. அவரோ நான் கத்தியைப் பார்த்துப் பயப்படுகிறேன் என்று நினைத்துவிட்டார். மடக்கி, மெதுவாக ரப்பர் விரிப்பின் மேல் வைத்து, டேக் யுவர் டைம் என்றார். கத்திக்குப் பயப்படுகிறவன் கர்ப்பிணி மனைவிக்குக் கத்தி வாங்குகிறான் என்ற செய்தி அன்று அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பேசப்பட்டிருக்கும்.

அடுத்த நாலு மாதமும் அந்தக் கத்தி எங்களோடு வந்தது. வாக்கிங் போனது, எடிசனில் புடவைக் கடைக்கும் ஹோட்டல் சாப்பாட்டுக்கும் வந்தது, கொய்யா நறுக்கியது, எலுமிச்சை பட்டு அலகு கறுத்தது. கறுத்த அன்று கயலுக்கு ஒரே சந்தோஷம். போன முறை கலைந்த நாலாம் மாதத்தை எப்போதோ தாண்டியிருந்தும், ஒவ்வொரு ஸ்கேனுக்கும் அவள் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாள். நானும், அவள் பார்க்காதபோது, தொட்டுப் பார்ப்பேன்.

ஒரு சனிக்கிழமை காலை பனிக்குடம் உடைந்தது. ஆஸ்பத்திரி வாசலில் சோதனைக் கதவு. நான் நுழைந்ததும் அது கத்தியது. கயலின் பையிலிருந்த கத்தியைக் கிளம்பும்போது என் பேன்ட் பாக்கெட்டுக்கு மாற்றியதே எனக்கு மறந்துவிட்டது. கயலை சக்கர நாற்காலியில் முன்னால் தள்ளிக்கொண்டு போனார்கள். காவலுக்கு இருந்த அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும், சட்டையில் டெனீஸ் என்று பெயர். உள்ளே கத்தி போகாது, எந்தக் கத்தியும் போகாது என்று சொல்லிக் கையை நீட்டினார். நான் மேஜையில் வைத்தேன். கையில் கொடு என்றார். மறுபடி மேஜையைக் காட்டினேன். அவர் முகம் மாறியது. எங்கள் வழக்கப்படி கையில் கொடுத்தால் உங்களுக்கும் எனக்கும் சண்டை வந்துவிடும் மேடம் என்று தத்தளித்துச் சொன்னேன்.

“ஹனி, நான் எல்லார்கூடவும் சண்டை போடுறவதான்” என்றார் ஆங்கிலத்தில். ஆனாலும் மேஜையிலிருந்தே எடுத்துக்கொண்டார். ஓர் உறையில் போட்டு ஏதோ எழுதினார். நான் பார்க்க நிற்கவில்லை, ஓடினேன்.

பிரசவ அறையில் வலிக்கு நடுவே கயல் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “இருக்கில்லப்பா?” என்று ஒரே வார்த்தைதான் கேட்டாள். கார் சாவியை மூடிய கைக்குள் வைத்துக்கொண்டு, இருக்கு என்றேன். அதிலிருந்து எட்டு மணி நேரம் என் வாழ்க்கையிலேயே நீளமானது. பேயை நம்பாதவன் நான். ஆனால் என் பொய்யை நம்பினேன். ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பொய்யால்தான் ஆனது என்று, காரணமே இல்லாத உலகத்தில் எனக்கு ஒரு காரணம் தயாராக இருந்தது. மானிட்டரில் குழந்தையின் இதயத் துடிப்பு ஒவ்வொரு முறை இறங்கி ஏறும்போதும் சாவியை இன்னும் அழுத்திப் பிடித்தேன். சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரத்தில், பெண் குழந்தை பிறந்தது. வீல் என்று அழுதது. நானும் அழுதேன். உள்ளங்கையில் சாவியின் பல் பதிந்திருந்தது.

மறுநாள், ஆஸ்பத்திரியில் கொடுத்த ஜெல்லோ என்ற ஜெல்லியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த கயலிடம் உண்மையைச் சொன்னேன். அவள் ஸ்பூனைக்கூட நிறுத்தவில்லை.

“வாசல்லயே பீப் அடிச்சது எனக்குக் கேட்டுச்சு.”

“அப்புறம் ஏன் கேட்ட?”

“நீ இருக்குன்னு சொல்லணும்னுதான்.”

மூன்றாம் நாள் வீட்டுக்குக் கிளம்பினோம். அமெரிக்கக் குடிமகள், எங்கள் வீட்டில் முதல் ஆள், கார் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். எந்த வரிசையிலும் நிற்காமல் மூன்றே கிலோவில் வந்துவிட்டாள். வாசலில் டெனீஸ் இல்லை, அன்று அவருக்கு லீவாம். அவருக்குப் பதில் நரைத்த தலையோடு ஒரு காவலர். பெயரைச் சொன்னேன். இழுப்பறையிலிருந்து உறையை எடுத்தார். ஒரு கையில் குழந்தை, தோளில் இரண்டு பை, அவசரம். மற்ற கையை நீட்டினேன்.

அவர் கொடுக்கவில்லை. உறையில் எழுதியிருந்ததைப் படித்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படித்தார். பிறகு அதை மேஜையின் நடுவில் வைத்துவிட்டு ஓரடி பின்னால் போய் நின்றார். நீட்டிய கை நீட்டியபடியே நின்றேன். சக்கர நாற்காலியில் இருந்த கயல், தையல் வலிக்க வலிக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

உறையில் பெரிய எழுத்தில் இருந்தது: அப்பாவின் கத்தி. கையில் கொடுக்காதே. மேஜையில் வை. கையில் கொடுத்தால் சண்டை வருமாம்.

கத்தியை எடுத்துக் குழந்தையின் போர்வைக்கு அடியில், கால்மாட்டில் செருகினாள் கயல். உறையை நான் மடித்து வைத்துக்கொண்டேன். இப்போது அது எங்கள் பாஸ்போர்ட்டுகளும் மகளின் பிறப்புச் சான்றிதழும் இருக்கும் கோப்பில் இருக்கிறது. எங்கள் ஊர் வழக்கத்துக்கு எங்களிடம் இருக்கிற ஒரே எழுத்துபூர்வமான ஆதாரம் அதுதான், இங்கிலீஷில் இருக்கிறது.