சாக்கில் பிடித்த தீ

மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அவசரகாலம் நடந்துகொண்டிருந்த சமயம். கேமரன் மலைத் தேயிலை ஆலை ஒன்றில் நான் எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் பிட்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எஞ்சின் அறை மூலையில் கிடந்த சாக்கு தானாகத் தீப்பிடித்தது. வாளித் தண்ணீரில் அணைத்துவிட்டோம். ஆனால் அந்த நாட்களில் எஸ்டேட்டில் தீ என்றால் காட்டில் ஒளிந்து சண்டை போடும் காட்டுக்காரர்களின் வேலை என்றுதான் நினைப்பார்கள். அறையில் கடைசியாக இருந்தவன், எஞ்சினுக்குக் கரி போடும் மருதை. போலீஸ் அவனைக் கொண்டுபோய்விட்டது.

அவன் மனைவி அஞ்சலை என் வீட்டு வாசலுக்கு வந்தாள். கல்யாணமாகிச் சில மாதம்தான். கையில் அவனுடைய கம்பளிச் சட்டையை மடித்து வைத்திருந்தாள்.

"அண்ணே, அவரு பீடிகூட குடிக்கமாட்டாருலா. அங்க குளிரும், இத குடுக்கவும் விடமாட்டேங்கிறாங்க."

எஞ்சின் அறைக்குத் திரும்பினேன். காலையில், கரியடுப்பிலிருந்து எஞ்சினை ஓட்டும் கேஸ் வரும் பைப்பைக் கழற்றி, உள்ளே படிந்திருந்த தூளை மருதை சுரண்டிச் சாக்கில் போட்டிருந்தான். அது சாம்பல் நிறம். எரிந்த சாக்கில் இப்போது கிடந்ததோ சிவப்புத் துரு.

வெள்ளைக்கார எஞ்சினியர் துரையிடம் போய்ச் சொன்னேன். இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு விளக்கினார். கனன்ற கரியின்மேல் நாம் சொட்டவிடும் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் வருகிறது. சூடான பைப்பில் உள்ள துருவிலிருந்து அது ஆக்சிஜனை இழுத்துக்கொள்கிறது. துரு உருகாமலே இரும்பு மாவாகிவிடுகிறது.

"அந்த மாவு பசியில இருக்கு. காத்து கெடச்சா விடாது" என்றார், தன் அரைகுறைத் தமிழில்.

மறுநாள் இன்ஸ்பெக்டரை வரவழைத்தார். மருதையையும் கூட்டிவந்தார்கள். கழற்றாத இன்னொரு பைப்பைத் திறந்து தூளைத் தகரத் தட்டில் கொட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஒரு குச்சியால் தூளைக் கிளறினேன். ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. அது பரவி, சுவாலை இல்லாமலே தட்டு முழுக்கக் கனன்று, துருவாக அடங்கியது.

இன்ஸ்பெக்டர் தொப்பியைத் திரும்ப வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். "இவன் வீட்டுக்குப் போகட்டும்" என்றார்.

வாசலில் காத்திருந்த அஞ்சலை உள்ளே வந்தாள். எல்லோர் முன்னாலும் அவனுக்குச் சட்டையை மாட்டிவிட்டாள். மணிக்கட்டு வீங்கியிருந்ததால் குழந்தைக்குச் செய்வதுபோல் கையை மெல்ல நுழைத்தாள். துரை எஞ்சின் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும்தான்.

அதன்பின் அந்தத் தூளை வெளியே தகரத்தில் பரப்பி, சிவக்கும்வரை காத்திருந்துதான் கொட்டுவோம். பல மாதம் மருதை அதைத் தொடவில்லை. நான் சுரண்டுவேன், அவன் வாளியோடு பக்கத்தில் நிற்பான்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: எங்காவது தீ பிடித்தால் முதலில் பொருளை விசாரியுங்கள். ஆளை விசாரிப்பது அப்புறம்.