கூட்டாமல் விட்ட இடம்

குற்றாலத்தில் குளித்தீர்களே, அந்த ஷாம்பு பாக்கெட்டை எங்கே போட்டீர்கள்?

யோசியுங்கள், நான் காத்திருக்கிறேன். பல்லால் கடித்துக் கிழித்தீர்கள். தலையில் பிதுக்கினீர்கள். அப்புறம்? அருவி தலையில் விழுந்தது, கை தானாகத் திறந்தது, அவ்வளவுதான். கிழித்த மூலைத் துண்டு வேறு தனியாக எங்கோ போனது. ஒரு பாக்கெட்டுக்கு இரண்டு குப்பை. அந்த இரண்டையும் ஒருத்தர் குனிந்து எடுத்தார். அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவர் வேலை போனது உங்களால் இல்லை, என்னால். உங்கள் மேல் எனக்கு இருக்கிற கோபம் தனி.

எந்த அருவி என்று சொல்ல மாட்டேன். அவர் பெயரையும் சொல்ல மாட்டேன். நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். பெயரைக் கேட்கவே இல்லை என்பது எல்லாம் முடிந்த பிறகுதான் உறைத்தது.

நாங்கள் பன்னிரண்டு பேர். எல்லாரும் காலேஜ் முடித்தவர்கள். பாதிப் பேருக்கு வேலை இல்லை, மீதிப் பேர் போலீஸ் செலக்ஷனுக்காகத் தினமும் கிரவுண்டில் ஓடுகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தென்காசியிலிருந்தும் இலத்தூரிலிருந்தும் பைக்கில் கிளம்பி, ஒரே நிறத்தில் டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு அருவிக்கரையில் குப்பை பொறுக்குவோம். வாட்ஸப் குரூப்பை ஆரம்பித்தவனை எல்லாரும் அட்மின் என்றே கூப்பிடுவோம். வீடியோ எடுப்பது நான். முதலில் நாறிக் கிடக்கிற இடம், அடுத்து பளிச்சென்று அதே இடம். குரூப் பெயரில் ஆரம்பித்த பக்கத்தில் அந்த மாதிரி வீடியோதான் ஓடும்.

சிக்கல் என்னவென்றால், நாங்கள் ஆறரை மணிக்குப் போய் இறங்கும்போது இடம் ஏற்கெனவே பளிச்சென்று இருக்கும். அக்கா ஐந்து மணிக்கே வந்து கூட்டி முடித்திருப்பார். ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்க்கிற எட்டுப் பெண்களில் அவர் ஒருத்தர். அவர்களிடம் வேலை வாங்க ஒரு மேஸ்திரி. ஆளுக்கு ஒரு எல்லை. கரெண்டுக் கம்பத்திலிருந்து பெண்கள் துணி மாற்றும் அறை வரை அக்காவுடையது. இரண்டு ஞாயிறு நாங்கள் போய், அவர் கூட்டின தரையில் சுற்றி, புதருக்குள் கையை விட்டு நாலு பாட்டில் எடுத்து, போட்டோ பிடித்துக்கொண்டு திரும்பினோம். அட்மினுக்குக் கடுப்பு.

"குப்பையே இல்லைன்னா எதத்தான் க்ளீன் பண்ண? அந்தக் கூட்டுத அக்காட்ட போய்ப் பேசு. நீ பொம்பளப் பிள்ள, சொன்னாக் கேப்பாவ."

சனிக்கிழமை சாயங்காலம் போய்ப் பேசினேன். அக்கா கம்பத்தடியில் நின்று, யாரோ விட்டுப் போன ஈர ஜட்டி ஒன்றைக் குச்சியால் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, நாளைக்கு ஒருநா மட்டும் காலைல கூட்டாதீங்க. நாங்களே வந்து எல்லாத்தையும் எடுத்துருதோம்."

"என்னத்துக்குப் பிள்ள?"

"விழிப்புணர்வு வீடியோக்கா. குப்பை கெடக்கதக் காட்டணும்லா."

"நான் கூட்டிட்டேன்னா கெடக்காதே."

"அதான்க்கா சொல்லுதேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். கிண்டல் பண்ணுகிறேனா என்று பார்த்தார் போல. "மேஸ்திரி ஏசுவாரு."

"அவர்ட்ட நாங்க சொல்லிக்கிடுதோம்க்கா."

சொல்லவில்லை. யார் சொல்வது என்று நாங்கள் பேசிக்கொள்ளக்கூட இல்லை.

ஞாயிறு காலையில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. சனிக்கிழமைக் கூட்டம் போட்டுவிட்டுப் போனது அத்தனையும் கிடந்தது. எண்ணெய்ப் பாட்டில், பிரியாணிப் பொட்டலம், ரம்புட்டான் தோல், குரங்கு பிரித்துப்போட்ட சிப்ஸ் கவர். அக்கா வழக்கம்போல ஐந்து மணிக்கே வந்திருந்தார். கூட்டவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு, வாரியலை மடியில் குறுக்கே வைத்து, படியில் உட்கார்ந்திருந்தார். விளக்குமாற்றை இங்கே வாரியல் என்போம். நான் ஃபோனை இடமிருந்து வலமாகத் திருப்பிக்கொண்டே வந்தேன். குப்பை, குப்பை, குப்பை, கடைசியில் அக்கா. அவர் ஃப்ரேமில் வருவது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் வெட்டவில்லை. படம் நன்றாக இருந்தது, அதனால் விட்டேன்.

அப்புறம் புது ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் பொறுக்கினோம். முடிந்ததும் கையுறைகளைக் கழற்றி அதே சாக்கில் போட்டோம். அக்கா சாக்கைத் திறந்து, "இத நான் எடுத்துக்கிடட்டா?" என்று கேட்டு, ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் குழாயில் கழுவினார். அவர்கள் எட்டுப் பேருக்கும் யாரும் கையுறை கொடுத்ததில்லை. அப்போதாவது எனக்கு மண்டையில் ஏதாவது அடித்திருக்க வேண்டும். இல்லை. வீடியோவுக்குப் பின்னால் எந்தப் பாட்டைப் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வீடியோ ஓடியது. மதுரை, சென்னை, துபாய் என்று எங்கெங்கோ போனது. எவனோ ஒருத்தன் முதல் பாதியை மட்டும் வெட்டி, அக்காவைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, 'சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஊழியர்' என்று எழுதிவிட்டான். கீழே வந்து கொட்டிய கமெண்டுகளை இங்கே எழுத மாட்டேன். ஷாம்பு பாக்கெட் போட்டவனும் அங்கே வந்து திட்டியிருப்பான், எனக்கு நிச்சயம்.

அடுத்த ஞாயிறு போனால் அக்கா இல்லை. அடுத்த எல்லையில் கூட்டுகிற, கண்ணாடி போட்ட வயதான அக்காவிடம் கேட்டேன். அவர் நிமிரவே இல்லை.

"புதன்கிழமையே வராதன்னு சொல்லிட்டாவ. நீங்கதான படம் புடிச்சீய? இப்ப எங்கன்னு எங்கிட்டக் கேக்கே?"

நேராக மேஸ்திரியிடம் போனேன். டீக்கடையில் இருந்தார். பார்த்ததும் நாற்காலியை இழுத்துப்போட்டார். அந்தப் பெண்களை 'ஏட்டி' என்றுதான் கூப்பிடுவார். எனக்கு நாற்காலி.

"அண்ணாச்சி, அவங்க மேல தப்பே இல்ல. நாங்கதான் கூட்டாண்டாம்னு சொன்னோம்."

"அவளும் அதத்தாம்மா சொன்னா. ஒனக்கு மேஸ்திரி நானா, அந்தப் பிள்ளைகளான்னு ஒரே கேள்விதான் கேட்டேன். வாய மூடிட்டா."

"அப்ப உங்களுக்குத் தெரியும்லா?"

"தெரிஞ்சு என்னம்மா செய்ய? வீடியோவ அனுப்பி, யாரு இதுன்னு மேல இருந்து கேட்டாவ. ஒரு ஆளக் காட்டணும்லா? காட்டியாச்சு. நீங்க நல்ல காரியம் பண்ணுதீய, இதுல ஏன் மனசப் போட்டு ஒழப்பிக்கிடுதீய?" டீயை உறிஞ்சினார். "ஒண்ணு செய்யுங்க. நாங்கதான் சொன்னோம்னு எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஒரு கடுதாசி குடுங்க. முதலாளிட்ட காட்டிப் பாக்கேன்."

அவர் சொன்னதில் எனக்கு எரிந்தது ஒரே இடம்தான், 'மேஸ்திரி நானா, அந்தப் பிள்ளைகளா' என்று கேட்டது. அக்கா யார் சொல்லையும் கேட்கப் பழக்கப்பட்டவர். மேஸ்திரி சொன்னால் கேட்பார், கடைக்காரன் சொன்னால் கேட்பார், வெள்ளையாய்ச் சட்டை போட்டு எவன் வந்து நின்றாலும் கேட்பார். நான் கேட்டதும் அந்தக் கணக்கில்தான் சேர்ந்தது. நான் அவரிடம் உதவி கேட்கவில்லை. அதிகாரம் பண்ணியிருக்கிறேன், சிரித்துக்கொண்டே.

கடிதம் எழுதினேன். பன்னிரண்டு பேரில் கையெழுத்துப் போட்டது மூன்று பேர், என்னையும் சேர்த்து. ஒருத்தன் செலக்ஷன் வெரிஃபிகேஷனில் சிக்கல் வரும் என்றான். ஒருத்தி வீட்டில் அப்பாவிடம் கேட்க வேண்டும் என்றாள். அவள் அப்பா ரிட்டயர்டு ஏட்டு, என்ன சொல்வார் என்று கேட்காமலே தெரியும். அட்மின் போனில் கத்தினான்.

"வீடியோ பொய்யினு நாமளே எழுதிக் குடுக்கணுமா? கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"பொய்தானல அது."

"க்ளீன் பண்ணது பொய்யா? எம் முதுகு வலிச்சது பொய்யா?"

நடந்ததைச் சொல்லி ஒரு வீடியோ எடுத்து அவனுக்கு அனுப்பினேன். குரூப் பக்கத்தில் போட மாட்டேன் என்றுவிட்டான். என் பக்கத்தில் போட்டேன். கூடப் படித்தவர்கள் ஹார்ட்டு போட்டார்கள். ஒருத்தி, 'உன் கம்மல் சூப்பர்' என்றாள்.

மூன்று கையெழுத்துக் கடிதத்தை மேஸ்திரி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அத்தோடு சரி.

அக்கா செங்கோட்டை ரோட்டில் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிறார் என்று கேள்விப்பட்டுப் பின்வாசல் வழியாகப் போனேன். சாம்பார் அண்டாவுக்குள் பாதி உடம்பு இருந்தது. வெளியே வந்து என்னைப் பார்த்தார்.

"வா பிள்ள. ஃபோன எங்க? எடுக்கலையா?"

"ஸாரிக்கா."

"அத வச்சு நான் என்ன செய்ய? கழுவவா, கவுத்தவா?" கையை உதறினார். "கம்பத்துல இருந்து அந்த ரூம்பு வரைக்கும் பன்னெண்டு சீசனா கூட்டுதேன். எந்தக் கல்லுல வழுக்கும், எந்த இடுக்குல கண்ணாடி கெடக்கும், எனக்குத் தெரியும். எனக்கு எம் எடம் வேணும். வாங்கித் தருவியா?"

கடிதம் கொடுத்திருப்பதைச் சொன்னேன்.

"முடியாதுல்லா? அப்பப் போ. அண்டா கெடக்கு."

திட்டியிருந்தால் தேவலை.

வாங்கித் தரப் புறப்பட்டது நாங்கள் இல்லை. மற்ற ஏழு பெண்கள். அவர்களிடம் டீ-ஷர்ட் இல்லை, குரூப் இல்லை, பேனர் இல்லை. அக்காவின் எல்லையை முறை வைத்துக் கூட்டச் சொல்லியிருந்தார் மேஸ்திரி. திரும்பக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று நம்பி இரண்டு வாரம் கூட்டினார்கள். பிறகு மேஸ்திரி, 'அவ இனி வர மாட்டா, அந்த எடத்த உங்களுக்குள்ள பிரிச்சுக்கிடுங்க' என்றிருக்கிறார். மறுநாள் காலையில் ஏழு பேரும் அவரவர் எல்லையைச் சுத்தமாகக் கூட்டினார்கள். கரெண்டுக் கம்பம் வந்தது. நிறுத்திவிட்டார்கள். அந்தப் பக்கத்திலிருந்து கூட்டி வந்தவர் துணி மாற்றும் அறையோடு நிறுத்திவிட்டார்.

"ஏட்டி, அது யாரு கூட்டுவா?" என்று மேஸ்திரி கேட்டதற்குக் கண்ணாடிக்கார அக்கா சொன்னது இவ்வளவுதான்: "அது அவ எடம். அவ வந்து கூட்டுவா."

சீசன் நேரம். ஏழு பேரையும் அனுப்பினால் மறுநாள் அருவிக்கரையே குப்பையில் முங்கிப்போகும். அது மேஸ்திரிக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

இரண்டாம் நாள் நான் போய் நின்றேன். குப்பை சேர்ந்துகொண்டே இருந்தது. படியில் ஒரு கவர் காலில் ஒட்டியது. பழக்கதோஷம், குனிந்தேன்.

"ஏட்டி, குனியாத!"

கண்ணாடிக்கார அக்கா. கை அப்படியே நின்றது.

"தண்ணிக்குள்ளயா கெடக்கு?"

"இல்லக்கா."

"அப்ப விடு. ஆத்துக்குள்ள போறத மட்டும் நாங்களே எடுத்துருதோம். கரையில கெடக்கது கெடக்கட்டும். பாக்க வேண்டியவன் பாக்கட்டும்."

அப்போதுதான் கவனித்தேன். தண்ணீர் ஓரமாகக் கல்லை வரிசையாக அடுக்கி, பழைய சாக்கை விரித்துத் தடுப்பு கட்டியிருந்தார்கள். ஒரு பாக்கெட்கூட சிற்றாற்றுக்குள் இறங்கவில்லை. எங்கள் பன்னிரண்டு பேரில் மூன்று பேர் சுற்றுச்சூழல் பாடம் படித்தவர்கள். எங்களுக்கு இது தோன்றவே இல்லை.

நான்காம் நாள் மத்தியானம் குரூப்பில் அட்மின் மெசேஜ்: 'மேஸ்திரியே கூப்பிட்டுருக்காரு. நாளைக்குக் காலைல எல்லாரும் வாங்க. இந்தத் தடவ ஒரிஜினல் குப்பை, செம வீடியோ மாட்டும்.' கூடவே கைதட்டுகிற பொம்மை ஆறு.

அந்தப் பெண்கள் கையில் இருந்த ஒரே ஆயுதம் அந்தக் குப்பைதான். அதைத்தான் அள்ளிக்கொண்டு போகப் பார்க்கிறார்கள், சேவை என்று பெயர் வைத்து.

ஐந்தாம் நாள் காலையில் அவர்களுக்கு முன்னால் போய்க் கம்பத்தடிப் படியில் உட்கார்ந்துகொண்டேன். அட்மின் எட்டுப் பேரோடு புதுக் கையுறையும் சாக்குமாக வந்தான்.

"ஏட்டி, தள்ளு."

"மாட்டேன்."

"ஒனக்கு சுற்றுச்சூழல் முக்கியமா இல்லையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கண்ணாடிக்கார அக்கா வாரியலை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"தம்பி, குப்ப மேல இவ்வளவு பாசமா? அப்ப நாளைல இருந்து தெனமும் அஞ்சு மணிக்கு வா. மழைக்கும் வா. கக்கூஸ் பக்கமும் வா. ஃபோன மட்டும் வீட்டுல வச்சுட்டு வா."

டீக்கடையில் நின்ற டூர் வேன் டிரைவர் சிரித்துவிட்டார். எங்கள் ஆட்களில் இரண்டு பேர் கையுறையைக் கழற்றி அந்த அக்காவிடமே கொடுத்துவிட்டு என் பக்கம் வந்து உட்கார்ந்தார்கள். மிச்சப் பேர் அட்மின் முகத்தைப் பார்த்தார்கள். அவன் ஃபோனை எடுத்து இடமிருந்து வலமாகத் திருப்பினான். குப்பை, குப்பை, குப்பை, கடைசியில் நான். எடுத்துக்கொள் என்று விட்டுவிட்டேன். பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

சாயங்காலம் ஒப்பந்தக்காரரின் ஆள் ஒருத்தர் காரில் வந்து, இறங்காமல், கண்ணாடியை மட்டும் இறக்கிப் பார்த்துவிட்டுப் போனார்.

இன்று ஆறாம் நாள். கம்பத்திலிருந்து துணி மாற்றும் அறை வரை கணுக்கால் உயரத்துக்குக் குப்பை கிடக்கிறது. முதலாளியிடமிருந்து இன்னும் பதில் இல்லை, அக்கா வருகிற வரை யாரும் கூட்டப் போவதும் இல்லை.